அப்பாவின் சிலுவைத் தோட்டம்: கையால் கட்டியதைக் கெடுக்காமல் காப்பது எப்படி

நான் கொத்தனார். 30 வருடமாகக் கரண்டி பிடிக்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவில் ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. வீட்டுக்குப் பின்னால் 18 சென்ட் தென்னந்தோப்பு. அதில் அப்பா 1978-இல் தொடங்கி 2009 வரை தனி ஆளாகக் கட்டிய சிலுவைப்பாதை நிற்கிறது. இயேசு சிலுவை சுமந்து போன வழியைக் காட்டும் 14 நிலைகள், நடுவில் குகை மாதிரி ஒரு மாதா கெபி, கெபியின் தலையில் யோனாவை விழுங்கிய மீன். எல்லாம் சிமெண்டு, சிப்பி, உடைந்த பீங்கான், பாட்டில் கண்ணாடி, வளையல் துண்டு.

அப்பா கட்டுமரக்காரர். கொத்து வேலையை யாரிடமும் படித்ததில்லை. கடலில் ஒரு ராத்திரி பிழைத்து வந்ததற்கு நேர்ச்சையாக ஒரு சிலுவை நட்டார். அதன் பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் ஒரு சொரூபம் என்று தோப்பு முழுக்கப் பரவிவிட்டது. ஆனி, ஆடியில் கடல் புரளும்போது கட்டுமரம் இறக்க முடியாது. அந்த நாள்களில் ஓலைப் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து சாந்து குழைத்துக்கொண்டிருப்பார்.

அவர் 2013-இல் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருடமே நான் ஒரு பெரிய தப்பு செய்தேன். மீனின் வயிற்றில் ஒரு விரிசல் ஓடியிருந்தது. ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் என்று கலவை போட்டு அழுத்தி அடைத்து, ஸ்பாஞ்சு வைத்துத் தேய்த்து, கண்ணாடி மாதிரி முடித்தேன். அம்மா வந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மக்கா, செதில காணலியே" என்றார்.

அந்த மீனின் செதில் ஒவ்வொன்றும் அப்பாவின் பெருவிரல் பதிந்த குழி. ஈரச் சாந்தில் விரலை அழுத்தி, லேசாகக் கீழே இழுத்து எடுத்திருக்கிறார். அவர் வலது பெருவிரலில் தூண்டில் முள் கிழித்த தழும்பு உண்டு. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு குழியிலும் சாய்வாக ஒரு மெல்லிய கோடு தெரியும். நான் அப்படி 11 செதில்களை மெழுகி மூடிவிட்டேன். இரண்டு மழைக்காலம் கழிந்ததும் என் பூச்சு மொத்தமாகப் பெயர்ந்து விழுந்தது. விழும்போது ஓரத்தில் இருந்த அவருடைய செதில்களையும் பிடுங்கிக்கொண்டு போனது.

வீடு கட்டுவதில் சரியான வேலை எது என்று எனக்குத் தெரியும். அங்கே அது எனக்குச் சோறு போடுகிறது. இங்கே அதே வேலைதான் கெடுத்தது. பக்தியுள்ள ஒருவர் தன் கையால் கட்டிய கெபியோ, குருசடியோ, சுடலைமாடனோ, இசக்கியம்மனோ உங்கள் பொறுப்பில் இருந்தால் இதைப் படியுங்கள். நான் பத்து வருடமாகக் கற்றுக்கொண்டது இது.

ஒரு வருடம் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

விழப்போகிற துண்டுக்கு முட்டுக் கொடுப்பதைத் தவிர, முதல் வருடம் எந்த வேலையும் செய்யாதீர்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவம், அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவம். இரண்டு மழையிலும் குடை பிடித்துக்கொண்டு நின்று தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே தேங்குகிறது, எந்தச் சுவர் மூன்று நாள் கழித்தும் ஈரமாக இருக்கிறது என்று பாருங்கள். வெயில் மாதத்தில் எந்தப் பக்கம் வெள்ளையாகப் பூக்கிறது என்று பாருங்கள். அந்த வெள்ளைப் பூப்புதான் உப்பு. அதைப்பற்றி அப்புறம் சொல்கிறேன்.

விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் சின்னக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் அது உயிருள்ள விரிசல். தாண்டவில்லை என்றால் பழையது, அவசரம் இல்லை. வெயிலில் விரிந்து ராத்திரியில் சுருங்கும் விரிசலும் உண்டு. அதைக் கெட்டியான சிமெண்டால் அடைத்தால் பக்கத்திலேயே புது விரிசல் விடும். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் சைமன் ரோடியா என்ற இத்தாலியத் தொழிலாளி 1921 முதல் 1954 வரை தனி ஆளாகக் கட்டிய வாட்ஸ் கோபுரங்களிலும் அடைத்த விரிசல் திரும்பத் திரும்பத் திறப்பதுதான் பெரிய தலைவலி. அவரும் கம்பி, சாந்து, சிப்பி, பாட்டில், ஓடு கொண்டுதான் கட்டினார். ஆபத்தான கட்டடம், இடிக்க வேண்டும் என்று நகர நிர்வாகம் சொன்னபோது, 1959-இல் 10,000 பவுண்டு, அதாவது சுமார் நாலரை டன் இழுவை கொடுத்துச் சோதித்தார்கள். கோபுரம் விழவில்லை. படிக்காத கை கட்டியது பலமில்லாதது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இந்த ஒரு வருடத்தில் படம் எடுங்கள். ஒவ்வொரு நிலையையும் நாலு பக்கமும், காலையில் ஒரு தடவை, சாய்வெயிலில் ஒரு தடவை. சாய்வெயிலில்தான் விரல் தடமும் உப்பிய பூச்சும் தெரியும். படத்தில் ஒரு அடிக்கோலை வைத்துவிடுங்கள், அளவு புரியும். தோப்பைக் கட்டுக்கயிற்றால் இரண்டு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒரு வரைபடம் போட்டேன். ஒவ்வொரு சொரூபத்துக்கும் ஒரு எண். அந்த எண்ணை சொரூபத்தின்மேல் எழுதக்கூடாது, நோட்டில் மட்டும்தான்.

தெரிந்தவர்களைப் பேசச் சொல்லுங்கள்

இது சாந்து வேலையைவிட அவசரம். சாந்து பத்து வருடம் தாங்கும். அம்மாவுக்கு இப்போது 81 வயது. தினமும் சாயந்திரம் ஒரு நிலைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்து, போனில் பதிவு செய்தேன். "இது எப்போ கட்டினது?" என்று கேட்டால் அம்மாவுக்கு வருடம் வராது. "இந்தத் தட்டு யாருடையது?" என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். ஆறாம் நிலையில் வெரோணிக்காவின் துணியில் இயேசுவின் முகம் இருக்கிறதே, அது ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டின் நடுப்பகுதி. என் அக்காவின் ஞானஸ்நானத்து அன்று விருந்தில் உடைந்த தட்டு. பன்னிரண்டாம் நிலையின் ஒளிவட்டத்தில் உள்ள மஞ்சள் வளையல்கள் அதே அக்காவின் கல்யாணத்து வளையல்கள். இது தெரியாமல் போயிருந்தால், வெடித்த தட்டை எடுத்துவிட்டுப் புதுத் தட்டு வைத்திருப்பேன்.

எந்த மாதத்தில் கட்டினார் என்று கேட்பதும் உதவும். ஆனி ஆடியில் கட்டிய நிலைகள் இன்னும் திடமாக நிற்கின்றன. மழை ஈரத்தில் சாந்து மெதுவாக இறுகியிருக்கிறது. பங்குனியில் அவசரமாகக் கட்டிய இரண்டில் மேற்பூச்சு முழுக்க மயிரிழை விரிசல். வெயில் தண்ணீரைக் குடித்துவிட்டது.

தண்ணீரும் வேரும்

பாதிச் சேதம் தண்ணீரால்தான் வருகிறது, அதைத் தடுக்கச் செலவும் குறைவு. சொரூபத்தின் அடியில் மண் ஏறியிருந்தால் பீடம் வெளியே தெரியும்வரை மண்ணை எடுங்கள். தண்ணீர் வெளியே ஓடுகிற மாதிரி சரிவு கொடுங்கள். சுற்றிலும் சிமெண்டுத் தளம் போடாதீர்கள். அப்படிப் போட்டால் மண்ணுக்குள் இருக்கிற ஈரத்துக்கு ஆவியாக வழி இல்லாமல் சொரூபத்தின் வழியாக மேலே ஏறும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஹோவர்டு ஃபின்ஸ்டர் என்று ஒரு பாப்டிஸ்ட் போதகர் இருந்தார். சைக்கிள் பழுது பார்ப்பதும் அவர் தொழில். 1961-இல் வீட்டுக்குப் பின்னால் இருந்த சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து, கண்ணாடி, பொம்மை, சைக்கிள் உதிரி, வேத வசனப் பலகை எல்லாம் வைத்து 'பரதீசுத் தோட்டம்' கட்டத் தொடங்கினார். 2001-இல் இறந்தார். பார்த்துக்கொள்ள ஆள் குறைந்ததும் தோட்டம் சிதைந்துகொண்டே வந்தது. அப்புறம் அந்தக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நிர்வாகமே இடத்தை வாங்க, ஒரு அறக்கட்டளை இப்போது அதைப் பார்த்துக்கொள்கிறது. என் மகள் இந்தப் படங்களைப் போனில் காட்டியபோது, அந்த மனிதரின் வேலையும் அப்பா வேலையும் ஒரே குடும்பம் என்று தோன்றியது. அங்கேயும் முதல் வேலை தண்ணீருக்கு வழி விடுவதுதான்.

அரசங்கன்று, ஆலங்கன்று விரிசலில் முளைத்தால் பிடுங்காதீர்கள். வேர் உள்ளே கம்பியைச் சுற்றியிருக்கும், இழுத்தால் பூச்சு கையோடு வரும். தண்டை ஒட்ட வெட்டி, துளிர்க்கத் துளிர்க்கக் கிள்ளிக்கொண்டே இருந்தால் வேர் காய்ந்துவிடும். தென்னையில் தேங்காய் முற்றி விழும்வரை விடாமல் முன்கூட்டியே வெட்டிவிடுங்கள்.

கழுவுவது

மழைத்தண்ணீர் அல்லது உப்பில்லாத கிணற்றுத் தண்ணீர், மெல்லிய நைலான் பிரஷ், அவ்வளவுதான். கம்பி பிரஷ் வேண்டாம். வண்டி கழுவும் பிரஷர் பம்பு வேண்டவே வேண்டாம். பாசியை நன்றாக நனைத்து, மூங்கில் சீவலால் மெதுவாக நெம்பினால் வரும்.

ஆசிட்டைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். திருவிழாவுக்கு முன்னால் எங்கள் தோப்பைச் சுத்தம் செய்து தருகிறோம் என்று நல்ல மனதோடு ஒரு குழு வந்தது. நான் வேலைக்குப் போயிருந்தேன். டைல்ஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றி மூன்றாம் நிலையைத் தேய்த்துவிட்டார்கள். அதில் அப்பா பதித்திருந்த சிப்பிகளின் உள்பக்கம் முத்து மாதிரி மின்னும். சாயந்திரம் வந்து பார்த்தால் எல்லாம் சாக்பீஸ் மாதிரி இருந்தது. சிப்பியும் சுண்ணாம்பும் ஒரே பொருள், ஆசிட் பட்டால் கரைந்துவிடும். அந்த மினுமினுப்பை யாராலும் திருப்பித் தர முடியாது. அதற்கப்புறம் கழுவும் வேலைக்கு வருகிறவர்களுக்கு நானே பிரஷும் வாளியும் கொடுத்துவிடுகிறேன், பக்கத்திலேயே நிற்கிறேன்.

உப்பும் துருவும்

கடற்கரையில் நம் உண்மையான எதிரி இதுதான். அப்பா பல நிலைகளுக்குக் கடல் மணலைக் கழுவாமல் போட்டார். அவருக்குக் கிடைத்தது அது. கூடவே காற்றில் வருகிற உப்பு. உப்பு ஈரத்தோடு உள்ளே போய்க் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். உள்ளிருந்து நெட்டித் தள்ளும். அதனால்தான் கையும் காலும் நீளவாக்கில் வெடிக்கின்றன. அப்பா சில இடங்களில் கம்பி வாங்கக் காசில்லாமல் கிழிந்த நைலான் வலையை மடித்து உள்ளே வைத்திருக்கிறார். அந்தக் கைகள் ஒன்றுகூட வெடிக்கவில்லை.

உப்பை எடுப்பதற்கு ஒரு பொறுமையான வழி உண்டு. எழுத்து இல்லாத வெள்ளைத் தாளை, டிஷ்யூ ஆனாலும் சரி, மழைத்தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, சொரூபத்தின்மேல் ஒரு சென்டிமீட்டர் தடிமனில் அப்புங்கள். காயக் காய உள்ளே இருக்கும் உப்பு ஈரத்தோடு சேர்ந்து கூழுக்கு வந்துவிடும். நன்றாகக் காய்ந்ததும் உரித்து எறியுங்கள். திரும்ப மூன்று, நாலு தடவை. நம் கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலைக்கும் இப்படித்தான் காகிதக் கூழ் அப்பி உப்பை எடுக்கிறார்கள். அங்கே அதன்பிறகு ஒரு ரசாயனப் பூச்சு அடிக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நீங்களும் கடையில் வாட்டர் ப்ரூஃப் வாங்கி அடித்துவிடாதீர்கள். அது கருங்கல். நம்முடையது உப்பு ஊறிய சாந்து. வெளியே அடைத்தால் உப்பு பின்னால் நின்று பூச்சையே தள்ளிவிடும்.

உப்பு போய்விட்டதா என்று எப்படித் தெரியும்? உரித்த கூழில் கொஞ்சம் எடுத்து டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து, அதில் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுங்கள். பால் மாதிரி வெளுத்தால் உப்பு இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் வெளுப்பு குறைந்துகொண்டே வரும். வேதியியல் ஆசிரியர் யாரையாவது கேட்டால் செய்து காட்டுவார். கையில் பட்டால் கறுத்துவிடும், கையுறை போடுங்கள். பெயிண்ட் உதிர்கிற இடத்தில் கூழ் அப்பாதீர்கள், பெயிண்டும் சேர்ந்து வந்துவிடும்.

வெடித்த இடத்தில் விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்றால் விட்டுவிடுங்கள். பொத்தென்றால் அந்தத் துண்டு மட்டும் கழன்றிருக்கிறது. அதை உடைக்காமல் எடுத்து எண் போட்டு வையுங்கள். தெரிகிற கம்பியைத் துரு போகச் சுரண்டி ஜிங்க் ப்ரைமர் இரண்டு கை அடியுங்கள். கம்பி தின்றுபோயிருந்தால் 316 வகை ஸ்டெயின்லெஸ் கம்பியை இணைத்துக் கட்டுங்கள். விலை அதிகம்தான். சாதா ஸ்டெயின்லெஸ் கடற்கரையில் பழுத்துவிடும்.

அப்புறம் கலவை. இங்கேதான் கொத்தனார்கள் தப்பு செய்வோம். ஒட்டுப் போடும் சாந்து, பழைய சாந்தைவிடக் கெட்டியாக இருக்கவே கூடாது. நான் இப்போது ஒரு பங்கு சிமெண்டு, இரண்டு பங்கு சுண்ணாம்பு, ஒன்பது பங்கு கழுவிய ஆற்று மணல் போடுகிறேன். வீட்டுச் சுவருக்கு இதைப் போட்டால் மேஸ்திரி திட்டுவார். இங்கே இதுதான் சரி. என்றைக்காவது விரிசல் விட வேண்டி வந்தால் என் ஒட்டு விடட்டும், அப்பாவுடையது விடக்கூடாது. நிறம் சேர்ப்பதற்கு, உதிர்ந்து விழுந்த அப்பாவின் சாந்துத் தூளையே பலமுறை நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, சலித்து மணலோடு கலக்கிறேன். நம் கரை மணலில் உள்ள சிவப்பும் கறுப்பும் அதிலேயே இருக்கிறது. சாக்கை நனைத்து ஏழு நாளாவது மூடி வையுங்கள்.

மீன் வயிற்றில் அந்த 11 செதில்களை நான் திரும்பப் போடவில்லை. என் விரலை அழுத்தி அப்பா விரல் மாதிரிக் காட்டுவது பொய். குழி இல்லாமல் சமமாக, ஓரத்தைவிட ஒரு நூல் உள்ளே தள்ளிப் பூசி, மூலையில் ஆணியால் வருடத்தைக் கீறியிருக்கிறேன். கிட்டே வந்து பார்க்கிறவருக்கு எது யார் வேலை என்று தெரிய வேண்டும்.

கழன்ற பீங்கானையும் வளையலையும் அதே இளஞ்சாந்தில் திரும்பப் பதிக்கலாம். எம்-சீலும் எபாக்சியும் போட்டால் பிறகு எடுக்க முடியாது, வெயிலில் மஞ்சளாகும். கண்ணாடித் துண்டை ஒட்டியே ஆக வேண்டும் என்றால் பழைய கலைப்பொருள்களைப் பழுது பார்க்கிறவர்கள் பயன்படுத்தும் பாரலாய்டு பி-72 பிசின் நல்லது. அசிட்டோன் விட்டால் திரும்பக் கரைந்து வரும்.

பெயிண்ட், மெழுகுதிரி, மாலை

எனாமல் அடிக்காதீர்கள், எமல்ஷனும் வேண்டாம். ஆனால் இதில் ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறேன். செப்டம்பர் 8 மாதா பிறந்தநாளுக்கு முன்னால் அப்பா ஒவ்வொரு வருடமும் மாதாவின் மேலாடைக்கு மட்டும் சுண்ணாம்பில் நீலம் கலந்து அடிப்பார். முகத்தைத் தொடமாட்டார். அவர் கட்டியதைப் போலவே அந்தப் பழக்கமும் அவர் வேலைதான். அதனால் நானும் வருடாவருடம் அடிக்கிறேன், அதே சுண்ணாம்பு, அதே நீலம். சுண்ணாம்பு மூச்சு விடும், உப்பை அடைத்து வைக்காது. முகம் வெளிறிவிட்டது, புதுசாக எழுதக் கூடாதா என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களை மாதாவின் கண்ணுக்குக் கிட்டே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். இரண்டு கண்ணும் சின்னக் கிளிஞ்சல்கள், இடது கண் கொஞ்சம் கீழே பார்க்கிறது. கீழே நிற்கிற குழந்தையைப் பார்க்கிற மாதிரி. பெயிண்ட் பட்டால் அது போய்விடும்.

ஜெபிக்க வருகிறவர்களைத் தடுக்கக் கூடாது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் ஆள்கள் நடக்கத்தான் இந்தப் பாதை. ஒவ்வொரு நிலைக்கும் முன்னால் ஒரு கை நீளம் தள்ளி மணல் நிரப்பிய தகரத் தட்டு வைத்தேன், மெழுகுதிரி அதில்தான். மாலை போடத் தனியாக ஒரு மரக்குச்சி. ஏற்கனவே ஒட்டிய மெழுகை வெந்நீர் ஊற்றாமல், காலைக் குளிரில் மரச்சீவலால் எடுங்கள்.

புயல் அன்று

2017 நவம்பர் 30, ஒக்கி. இரண்டு தென்னைகள் பதினொன்றாம், பன்னிரண்டாம் நிலைகளின்மேல் விழுந்தன. பக்கத்து வீட்டு அண்ணன்மார் உதவிக்கு ஓடி வந்து, கல்லையும் மண்ணையும் அள்ளி ஓரத்தில் கொட்டப் போனார்கள். அம்மா குறுக்கே போய் நின்றார். அன்றைக்கு அந்த இரண்டு மீட்டர் கட்ட வரைபடம்தான் கைகொடுத்தது. கட்டம் கட்டமாகப் பொறுக்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மீன் பெட்டி, பெட்டிக்குள் ஒரு சீட்டு. மொத்தம் 9 பெட்டிகள். ஒளிவட்டத்தின் மஞ்சள் வளையலில் முக்கால்வாசி திரும்பக் கிடைத்தது. சேர்த்து முடிக்க இரண்டு வருடம் ஆனது. எந்தத் துண்டு எதற்கு என்று தெரியாததையும் எறியாமல் வைத்திருக்கிறேன்.

காகிதம்

கட்டியவர் இறந்தபின் இடம் யாருடையது என்பது தெளிவாக இல்லாவிட்டால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. வாரிசுச் சான்றிதழ் எடுங்கள், பட்டாவை மாற்றுங்கள், தாலுகா அலுவலகத்தில் புல வரைபடம் வாங்கி அளந்து பாருங்கள். எங்களுக்குப் பதினான்காம் நிலையின் பின்பக்கம் ஒரு முழம் புறம்போக்கில் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. தம்பி அந்த இடத்தில் வீடு கட்ட நினைத்திருந்தான். சண்டை போடவில்லை. அம்மாவின் பதிவுகளைப் போட்டுக் காட்டினேன், ரோட்டுப் பக்கத்து மனையை அவனுக்கு விட்டுக்கொடுத்தேன்.

தொல்லியல் துறை பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்காதீர்கள். 1958 மத்தியச் சட்டம் 100 வருடமாவது பழமையான சின்னங்களுக்குத்தான். ஆனால் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. கலைஞர் இறந்து 60 வருடம்வரை உரிமை வாரிசுகளிடம் இருக்கும். அவர் பெயர் கெடும்படி வேலையைச் சிதைத்தால் 57-ஆம் பிரிவின்படி கேள்வி கேட்கலாம். தில்லியில் விஞ்ஞான் பவன் என்ற அரசு மாநாட்டு அரங்கிலிருந்து சிற்பி அமர்நாத் சேகலின் சுவர்ச்சிற்பத்தை அகற்றிச் சேதப்படுத்திய வழக்கில், 2005-இல் தில்லி உயர் நீதிமன்றம் அவருக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இதை ஒரு தாளில் எழுதி, வரைபடம், படங்கள், அம்மாவின் குரல் எல்லாவற்றையும் மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வெளியூரில் இருக்கும் அக்காவிடம் கொடுத்துவைத்திருக்கிறேன்.

இப்போது ஒன்பதாம் நிலையில், விழுந்து கிடக்கும் இயேசுவின் வலது பாதம் வெடித்திருக்கிறது. பென்சில் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை போய்விட்டது. கூழ் அப்பி நாலு தடவை உரித்தாயிற்று, சொட்டு விட்டால் இன்னும் லேசாக வெளுக்கிறது. ஆனி பிறந்ததும் அப்பா போட்ட மாதிரியே மேலே ஒரு ஓலைப் பந்தல் போட்டு வேலையைத் தொடங்க வேண்டும். ஓலை முடைந்து வைத்தாயிற்று. பந்தலுக்குள் தன் நாற்காலிக்கும் இடம் விடச் சொல்லியிருக்கிறார் அம்மா.